ராசியான பெட்டியின் இடது துளை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பள்ளிப் பதிவேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தவிர அது வேறெங்கும் பயன்படவில்லை. மற்றபடி உலகத்துக்கு அவள் நொட்டாங்கை. இடது கையால் எழுதுவாள், இடது கையால் பல் துலக்குவாள், பேருந்தில் இடது கையால் சில்லறையை நீட்டி நடத்துநரிடம் ஒரு முறைப்பை வாங்கிக்கொள்வாள்.

மூன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியை அந்தக் கையை ரிப்பனால் பெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். அன்றைய பாடம் மனித உடல். மனிதனுக்கு இரண்டு கைகள் உண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, நேராக இறங்கி வந்து அதில் ஒன்றைக் கட்டிப்போட்டார். அவள் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். அவிழ்த்த ரிப்பனை ஒழுங்காக மடித்து ஆசிரியையிடமே திருப்பிக் கொடுத்தாள், இடது கையால். அதற்கான அடி வலது கையில் விழுந்தது. தப்பு செய்தது ஒன்று, அடி வாங்கியது இன்னொன்று என்பதை அவள் அன்றே கவனித்து வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அவளுடைய அம்மா கெஞ்சினாள். "அவங்க போற வரைக்கும் அந்தக் கையை முந்தானைக்குள்ள வச்சுக்கடி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை நகரப் பேருந்து ஓட்டுநர். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழித்தும் அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். "உனக்கு ஒரு கைதான்னு நெனச்சேன். பாவம் பொண்ணு, நாம வேண்டாம்னா யாரு கட்டிப்பாங்கன்னுதான் சரின்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தா ரெண்டு இருக்கு."

"ரெண்டுல ஒண்ணு உங்களை அறையறதுக்குத்தான்."

"அது எந்தக் கைன்னு முன்னாடியே சொல்லிடு. அந்தப் பக்கம் உக்கார மாட்டேன்."

அவள் வேலை பார்த்தது ஓர் அச்சகத்தில். தெருவைப் பார்த்த கண்ணாடி அறையில் கணினி. அதற்குப் பின்னால் நீள மேசையில் மடிப்பும் தைப்பும். கடைக்கோடியில் அச்சு இயந்திரம். அதை ஓட்டும் மெஷின் அண்ணனுக்குப் பல வருட இரைச்சலில் காது மந்தமாகி, ரகசியத்தைக்கூடத் தெருமுனை வரை கேட்கிற மாதிரிதான் சொல்ல வரும். நொட்டாங்கை மடிப்பு மேசையில் ஆரம்பித்தாள். தாளை மடிக்கும்போதெல்லாம் கண் அந்தக் கண்ணாடி அறையில் இருக்கும். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் பக்கம் அமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தும், அவர் எழுந்து போனால் தானே செய்து பார்த்தும் அந்த வேலையைக் கற்றாள். எழுத்துக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டால் கண் வலிக்காது, தலைப்பு எங்கே நின்றால் பக்கம் மூச்சு விடும் என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது. பக்கம் அமைப்பவர் ஒருநாள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் அவசரமாக நின்றது. வேறு வழி தெரியாமல் முதலாளி அவளை உட்காரச் சொன்னார். கேள்வித்தாள் அச்சான பிறகு தலைமை ஆசிரியை போனில், "இந்த வருஷம்தான் கேள்வி எல்லாம் படிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நாற்காலி அவளுடையதாயிற்று.

அது சக்கரம் வைத்த, ஒரு பக்கம் சாய்ந்த, பஞ்சு பிதுங்கிய பழைய நாற்காலி. அவள் வீட்டிலிருந்து ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொண்டுவந்து போட்டாள். சொந்த வீட்டுக்குத் திரைச்சீலை போடுகிறவளின் முகம் அன்று அவளுக்கு இருந்தது என்று மடிப்பு மேசை அக்கா சொன்னார்.

அந்த வாரமே கணினி மண்டையைப் போட்டது.

இங்கே இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் முதலாளி. நல்ல மனிதர்; ஆனால் உலகம் ராசியில் ஓடுகிறது என்று நம்புகிறவர். தன் வலது கை ராசியான கை என்பது அவருடைய உறுதியான கருத்து. தெருவில் யார் கடை திறந்தாலும் கூப்பிடாமலே போய் முதல் பொருளை வாங்கிவிட்டு வருவார். மேசையில் படுத்த வாக்கில் கிடந்த அந்தக் கணினிப் பெட்டியும் ராசியானது. அது வந்த மாதம்தான் அச்சகத்துக்கு ஆர்டர்கள் குவிந்தனவாம். எதிர் வரிசையில் இருந்த இன்னோர் அச்சகம் அதே மாதம் நிரந்தரமாக மூடப்பட்டது என்பதை அவர் கணக்கில் சேர்த்ததில்லை. ராசியை நம்புகிறவர்களுக்கு எதிர் வரிசை எப்போதும் கண்ணில் படாது.

இன்னொருவர் முதலாளியம்மாவின் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிட்டார். அக்காவின் கணவரே அப்படிக் கூப்பிடும்போது வேறு பெயர் எதற்கு என்று அச்சகம் முழுவதும் அவரை மச்சான் சார் என்றது. தோளில் ஒரு பை, பைக்குள் திருப்புளிகள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு பென் டிரைவ், வாயில் எப்போதும் "டெக்னிக்கல்" என்ற சொல். கணினி சரி பார்ப்பது அவர் தொழில். இந்தக் கடையில் அவருக்குப் போட்டி கிடையாது. அக்கா இருக்கும் வரை இருக்கவும் முடியாது.

மச்சான் சார் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மதர்போர்டு போயிடுச்சு மாமா. புதுசு போட்டுத்தான் ஆகணும். கேபினெட்டையும் சேர்த்து மாத்திடலாம்."

"பெட்டி மேல கை வைக்காதே மச்சான். உள்ள என்ன வேணா மாத்து. பெட்டி இதேதான் இருக்கணும்."

"உள்ள இருக்கிற ப்ளக்கு எல்லாம் பழைய மாடல் மாமா. புது போர்டுக்கு அது சேராது."

"சேர்த்து வை. அதுக்குத்தானே நீ இருக்கே?"

மச்சான் சாருக்கு அது பாராட்டாகக் கேட்டது. கொஞ்ச நேரம் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ திருகினார், அழுத்தினார், பல்லைக் கடித்தார். பெட்டியின் முன்பக்கத்தில், நடுவிலிருக்கும் பொத்தானுக்கு இரண்டு பக்கமும் பென் டிரைவ் சொருகும் யு.எஸ்.பி. துளைகள் இருந்தன, காதில் தோடு மாதிரி இடது புறம் ஒன்று, வலது புறம் ஒன்று. கழுத்திலிருந்த பென் டிரைவைக் கழற்றி வலது துளையில் சொருகினார். திரையில் வந்தது.

"அந்தப் பக்கமும் பார்த்துடுங்க மச்சான் சார்" என்றாள் நொட்டாங்கை.

"ஒண்ணு ஓடினா இன்னொண்ணும் ஓடும்மா. ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. டெக்னிக்கல் விஷயம், உனக்குப் புரியாது."

அவளும் விட்டுவிட்டாள்.

முதலில் செத்தது பள்ளிக்கூடத்துப் பென் டிரைவ். தலைமை ஆசிரியை கொடுத்ததை அவள் வாங்கிச் சொருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்தபோது சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. அடுத்து பல் மருத்துவருடையது. மூன்றாவது கவிஞருடையது. கவிஞர் தன் வாழ்நாள் கவிதைகள் முழுவதையும் அதில்தான் வைத்திருந்தார், வேறெங்கும் நகல் கிடையாது. அச்சக வாசலில் நின்று அவர் அழுத அழுகையில் தெரு நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. அந்தக் கவிதைகளை முன்பே கேட்டிருந்த மெஷின் அண்ணன், துக்கத்தை மறைக்க இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுதாரா என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளி முதலில் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் சார் வந்தார், தன் பென் டிரைவை வலது துளையில் சொருகினார், ஓடியது. முதலாளி தன்னுடையதைச் சொருகினார், ஓடியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா" என்றார் மச்சான் சார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க சொருகினா ஓடுது. நான் சொருகினா ஓடுது. அது சொருகினா மட்டும் சாகுது. நான் எதுவும் சொல்லலப்பா" என்றார்.

எதுவும் சொல்லாமலே ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியும். முதலாளியின் பார்வை அவளுடைய இடது கைக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஏம்மா, எந்தக் கையால சொருகினே?"

"எப்பவும் எதால சொருகுவேனோ அதாலதான் சார்."

"அதான் கேக்கறேன்."

"சார், பென் டிரைவ் கொதிக்குது. உள்ள ஏதோ கோளாறு."

"உன் உடம்பு சூடு."

"என் உடம்பு சூட்டுல பென் டிரைவ் வேகும்னா, எங்க வீட்ல எதுக்கு சார் அடுப்பு?"

மெஷின் அண்ணன் கடைக்கோடியிலிருந்து சிரித்தார். அவருக்குக் கேட்க வேண்டியது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. தீர்ப்பு வந்தது. இனி அவள் யாருடைய பென் டிரைவையும் தொடக் கூடாது. சொருகுவது, எடுப்பது எல்லாம் முதலாளியின் கை. அதையும் மீறி இன்னும் ஒன்று செத்தால் அவள் மடிப்பு மேசைக்கே திரும்ப வேண்டும்.

"நாற்காலிக்கு ஆளா இல்ல மாமா?" என்றார் மச்சான் சார். "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு. டைப்பிங் தெரியும். சோத்தாங்கைதான்."

சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று இங்கே இருக்கிறது. ராசி கெடுவது எப்போதும் சம்பளம் வாங்குகிறவர்களின் கையில்தான். சம்பளம் கொடுக்கிறவரின் கையில் ராசி கெட்டதாகவோ, அவர் மைத்துனரின் காலில் கெட்டதாகவோ இதுவரை எங்கேயும் தகவல் இல்லை. இயற்கைக்கு முதலாளி வீட்டு உறவுமுறை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பது வியப்புதான்.

அடுத்த சில நாட்கள் அச்சகம் நாடகக் கொட்டகையாக இருந்தது. வாடிக்கையாளர் பென் டிரைவை நீட்டுவார். நொட்டாங்கை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "சார்!" என்று குரல் கொடுப்பாள். முதலாளி சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வருவார். வலது கையால் வாங்குவார், சொருகுவார், திரையில் வந்ததும் ஊரைக் காப்பாற்றியவர் மாதிரி நிமிர்வார். பென் டிரைவ்கள் பிழைத்தன. கோபப்பட்டவளுக்கு, கண் முன்னால் ஓடுகிற பென் டிரைவிடம் என்ன வாதாடுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவருக்குத் தட்டு வைக்கும்போது அவள் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன, ரேகை பாக்கறியா?" என்றார் ஓட்டுநர்.

"நெஜமாவே என் கைலதான் ஏதாவது இருக்குமோ?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரியவர் இடது கையால் பந்தி பரிமாறாதே என்றபோது, "இந்தக் கையாலதான் உங்க செருப்பை எடுத்து வச்சேன், அதைப் போட்டுக்காம வெறுங்காலோட போங்க" என்றவள் அவள்.

"இங்க பாரு. எங்க டிப்போல ஒரு வண்டி பிரேக் பிடிக்கலன்னு வச்சுக்க. எவனாவது டிரைவரோட கைராசியப் பாப்பானா?"

"மாட்டான்."

"ஏன்?"

"ஏன்?"

"ஏன்னா பாக்கறவன் உள்ள உக்காந்திருக்கான். உசுரு பயம். பிரேக் சரி பண்ணிட்டேன்னு மெக்கானிக் சொன்னா, நாங்க அவனையே வண்டில ஏத்தி உக்கார வச்சுத்தான் டெஸ்ட் ஓட்டுவோம். நெஜமா சரி பண்ணினவன் ஏறி உக்காருவான். பண்ணாதவனுக்கு அன்னிக்குத்தான் வயித்து வலி வரும்."

அவள் சிரித்தாள். அதற்கு மேல் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சொருகப்படும் இடத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். முதலாளியின் கை எப்போதும் வலது துளைக்கே போனது. அவளுடைய கை எப்போதும் இடது துளைக்கே போயிருக்க வேண்டும். மேசைக்கு நேராக உட்கார்ந்தால் கை வேறெங்கே போகும்? ஒரு சந்தேகம் முளைத்தது. ஆனால் சோதித்துப் பார்க்க அவளுக்குப் பென் டிரைவைத் தொடும் உரிமை இல்லை. தொட்டது தெரிந்தால் நாற்காலி போகும். தொடாவிட்டால் உண்மை தெரியாது. அநியாயத்துக்கு இது ஒரு வசதி: சாட்டுகிற குற்றத்தை மறுக்கத் தேவையான கருவியை அதுவே முதலில் பிடுங்கி வைத்துவிடும்.

கடைசியில் சோதனையை முதலாளியே செய்தார்.

அச்சகத்துக்கு ஆண்டு விழா மலர் ஒன்று போடத் திட்டம். அதில் முதல் கட்டுரை முதலாளியின் வாழ்க்கை வரலாறு, அவரே சொல்லி, மகளை வைத்துத் தட்டச்சு செய்தது. தலைப்பு: "மையில் கரைந்த மானுடம்". அது இருந்த பென் டிரைவை அவர் சட்டைப் பையில், நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அன்று காலை அதைச் சொருக வந்தபோது போன் அடித்தது. காகிதக் கடைக்காரர். முதலாளி வலது கையால் போனைக் காதில் வைத்தார்.

"ஆமாம், இப்ப நானேதான் சொருகறேன்… என்ன பண்றது, அந்தப் பொண்ணு கை அப்படி… நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா ராசின்னு ஒண்ணு இருக்கே… நம்ம கை பட்டா பாருங்க…"

பேசிக்கொண்டே இடது கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இடது துளையில் சொருகினார்.

நொட்டாங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். கைகளை மடியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. அவள் உத்தரவை மதித்தாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. கருகிய ரப்பர் மாதிரி ஒரு மெல்லிய வாசனை வந்தது. முதலாளி போனை இறக்கினார். பென் டிரைவைப் பிடுங்கினார், "ஆ!" என்று கீழே போட்டார். மையில் கரைந்த மானுடம் தரையில் கிடந்து புகைந்தது.

"நீ பார்த்தே!" என்றார் அவளைப் பார்த்து.

"நான் மட்டுமா? மடிப்பு மேசையே பார்த்துச்சு சார்."

"உன் கண்ணு பட்டிருக்கும்!"

"முதல்ல கை, அப்புறம் உடம்பு சூடு, இப்ப கண்ணா? நாளைக்கு நான் வீட்ல இருந்தா என் செருப்புன்னு சொல்வீங்க. சார், ராசியான கைதானே சொருகுச்சு? போனைப் பிடிச்ச கை ராசி, சொருகின கை ராசி இல்லன்னா, உங்க ராசி தோள்பட்டையோட நின்னுடுதா?"

மடிப்பு மேசை அக்கா தாளை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

"இடது துளை சார். கை இல்ல, துளை. செத்தது எல்லாம் இந்தத் துளைல. பிழைச்சது எல்லாம் அந்தத் துளைல. பெட்டியத் திறந்து பாருங்க."

முதலாளிக்கு அது புரியாமல் இல்லை. முகத்திலேயே புரிந்தது தெரிந்தது. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது மனைவியின் தம்பி செய்த வேலை. ஒரு மனிதன் ராசியை நம்புவதற்கு வீட்டு நிம்மதியைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அவர் மச்சானுக்குப் போன் செய்தார். வாழ்க்கை வரலாறு போன செய்தி அதற்குள் வீட்டுக்கும் போய், மச்சான் சாரோடு முதலாளியம்மாவும் வந்து இறங்கினார். மலருக்காக அதே பென் டிரைவில் அவருடைய கல்யாணப் படமும் இருந்தது. நகல் இல்லாத படம்.

"என்னடா இது?" என்றார் தம்பியிடம்.

"ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு துளையும் ஒரே போர்டு, ஒரே கரண்ட். நான் போட்ட கனெக்‌ஷன்ல தப்பு வராது. இது டெக்னிக்கலாவே…" என்று சொல்லிவிட்டு, மீதியைக் கண்ணால் நொட்டாங்கையின் கைப்பக்கம் தள்ளிவிட்டார்.

நொட்டாங்கை நாற்காலியிலிருந்து எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"உக்காருங்க மச்சான் சார்."

"எதுக்கு?"

"கனெக்‌ஷன் சரியா இருக்குன்னீங்க. நான் வெளிய தெருவுல போய் நிக்கறேன். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். கண்ணும் இல்ல, கையும் இல்ல. நீங்க உங்க கழுத்துல இருக்கிற பென் டிரைவை, உங்க சோத்தாங்கையால, இடது துளைல சொருகுங்க. ஓடுச்சுன்னா நானே மடிப்பு மேசைக்குப் போயிடறேன். யாரும் சொல்ல வேண்டாம்."

மச்சான் சார் உட்கார்ந்தார். அவள் உண்மையாகவே படியிறங்கித் தெருவில் முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய மெத்தை நாற்காலியில், அவருக்கு அடியில் இருந்தது. கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெருவில் ஒருவன் ஏணி தூக்கிக்கொண்டு போனான். அவள் இடது கையை இறுக்க மூடிக்கொண்டாள்.

உள்ளே, மச்சான் சார் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். பென் டிரைவை இடது துளைக்கு அருகே கொண்டுபோனார். நிறுத்தினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி கொண்டுபோனார். ஊதினார்.

"சொருகுடா" என்றார் முதலாளியம்மா.

"லேசா ஈரமா இருக்குக்கா."

"துடைச்சாச்சுல்ல?"

"இல்லக்கா, இதுல என் சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கு. பல வருஷமா சேர்த்தது. என் உயிரே இதுலதான்…" என்றபடி அவருடைய கை, தானாக, மிக இயல்பாக, வலது துளைக்கு நகர்ந்தது.

"அந்தப் பக்கம்!" என்று மெஷின் அண்ணன் போட்ட சத்தத்தில் தெருவில் ஏணிக்காரன் நின்று திரும்பிப் பார்த்தான். "உன் உயிர்னா வலது பக்கம், கவிஞரோட உயிர்னா இடது பக்கமாய்யா?"

முதலாளியம்மா தம்பியின் கையிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினார். "நான் சொருகறேன். தப்பு வராதுன்னியே?"

"அக்கா வேண்டாம்! அக்கா! ஒரு நிமிஷம், திறந்து பார்த்துடலாம்!"

தெருவரை கேட்டது அந்தக் கதறல். நொட்டாங்கை திரும்பி வந்தாள். வயிற்று வலி வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பெட்டியின் மூடி கழன்றது. முன்பக்கத் துளைகளிலிருந்து இரண்டு சின்ன ப்ளக்குகள் வந்து போர்டில் நட்ட ஊசிகளில் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நான்கு ஒயர்கள். சிவப்பு வழியாக மின்சாரம் போகும், கறுப்பு வழியாகத் திரும்பும், நடு இரண்டும் செய்தியைச் சுமக்கும். புது போர்டுகளுக்கு இரண்டும் சேர்ந்த ஒரே ப்ளக்தான் வரும். தப்பாகச் சொருக முடியாதபடி அதில் ஒரு துளையை அடைத்தே வைத்திருப்பார்கள். ராசியான பெட்டி பழையது. அதன் ப்ளக்குகள் தனித்தனி, எந்தப் பக்கம் திருப்பினாலும் மாட்டும். பழைய போர்டில் ஒரு வரிசைக்குச் சிவப்பு மேலே என்றால் அடுத்த வரிசைக்குக் கீழே. மச்சான் சாரின் கை அதைப் பழகியிருந்தது. புது போர்டில் இரண்டுக்குமே சிவப்பு மேலே. ஊசிகளுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. மச்சான் சார் அச்சகத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அச்சடித்திருந்ததைப் படிக்கவில்லை.

ஆகவே வலது துளையில் மின்சாரம் ஒழுங்காக வந்தது. இடது துளையில் அது வர வேண்டிய வழியில் போனது, போக வேண்டிய வழியில் வந்தது. ராசியான பெட்டியை மாற்றியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அவளுடைய கையின் ராசியைக் கெடுத்தது பெட்டியின் ராசி.

மச்சான் சார் ஒரு ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பி மாட்டினார். "சின்ன டெக்னிக்கல் மிஸ்டேக்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"ஓஹோ" என்றாள் நொட்டாங்கை. "நான் சொருகினா ராசி. நீங்க சொருகினா டெக்னிக்கலா?"

இப்போது சோதிக்க வேண்டும். யாரும் பென் டிரைவைத் தரவில்லை. அவள் தன் கைப்பையைத் திறந்தாள். அதில் ஒரு பென் டிரைவ் இருந்தது, சாப்பாட்டு நேரங்களில் திருட்டுத்தனமாக அவள் அமைத்துப் பழகிய முதல் பக்கங்கள் முழுவதும் அதில். நாற்காலிக்கு வழிகாட்டியவை அவைதான். இடது கையால் எடுத்து இடது துளையில் சொருகினாள். மச்சான் சார் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் அவள் பக்கங்கள் வரிசையாக வந்தன. தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

"சரிம்மா, சரிம்மா" என்றார் முதலாளி. "போய் உக்காரு. நடந்தது நடந்துபோச்சு."

"நடந்தது நடக்கல சார், நடத்தினாங்க. போன் போடுங்க."

"யாருக்கு?"

"தலைமை ஆசிரியைக்கு. பல் டாக்டருக்கு. கவிஞருக்கு. காகிதக் கடைக்கும். எல்லார்கிட்டயும் என் கைன்னு சொன்னீங்கல்ல? அதே வாயால, கை இல்லைன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல."

முதலாளி மனைவியைப் பார்த்தார். முதலாளியம்மா தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போடுங்க. என் கல்யாணப் படமே போச்சு. உங்களுக்குப் போன் பேசறதுதான் கஷ்டமா?" என்றார்.

போட்டார். "ஒரு டெக்னிக்கல் ஃபால்ட்டுங்க…" என்று இழுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்திலிருந்து, "யாரு பண்ணினதுன்னு சொல்லுங்க சார்" என்றாள். நாலாவது போனில் அதை மச்சான் சாரே எட்டிச் சொன்னார், "நான்தாங்க, நான்தாங்க, வைங்க" என்று.

கதை இங்கே முடிந்திருந்தால் பகுத்தறிவு வென்றது என்று எழுதிவிட்டுப் போகலாம். முதலாளி அவ்வளவு எளிதில் விடுகிறவர் இல்லை. அடுத்த வாரமே அவர் புதிய முடிவுக்கு வந்திருந்தார். பெட்டிக்குள் இருந்த ஆபத்தைக் கண்டுபிடித்தது எது? அவளுடைய இடது கை. அப்படியானால் அந்தக் கை அல்லவா ராசியான கை! வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். புதுக் கடைக்குத் துண்டறிக்கை அடிக்க வந்த ஒருவர், முதல் பக்கத்தை அவள் இடது கையால்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருந்தார். வாழ்நாளெல்லாம் மறைக்கச் சொன்ன கையை இப்போது நீட்டச் சொன்னார்கள். அவளுக்கு முன்பைவிடக் கோபம் வந்தது.

அப்படி வந்தவர்களில் கவிஞரும் ஒருவர். பறிபோன கவிதைகளை நினைவிலிருந்தே திரும்ப எழுதிவிட்டாராம், கூடுதலாகப் பல புதியவற்றோடு. பளபளக்கும் பென் டிரைவை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார்.

"உங்க இடது கையாலயே வாங்கிச் சொருகணும் தாயே. அந்தக் கை பட்டா இது சாகாது."

நொட்டாங்கை அவரைப் பார்த்தாள். வலது கையை நீட்டி வாங்கினாள். அந்த வலது கையைக் குறுக்கே கொண்டுபோய், கொஞ்சம் சிரமப்பட்டே, இடது துளையில் சொருகினாள்.

கவிஞர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடைக்கோடியில் மெஷின் அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு நம்பிக்கையோடு எட்டிப் பார்த்தார்.

கவிதைகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.